தார் சுற்றிய கூலி

12-8-1971, வியாழன்

எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத் தறிகள். ஒன்றில் என் வீட்டுக்காரர் நெய்கிறார், இன்னொன்றில் அவருடைய அண்ணன், என் மச்சாண்டார். இரண்டுக்கும் ஆறு வருஷமாக ராட்டையில் தார் சுற்றி, அதாவது ஊடை இழையைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பவள் நான்.

போன வாரம் மச்சாண்டார் சேலைக்கு அடக்கவிலை எழுதினார். பட்டு, ஜரிகை, சாயம், நெசவுக்கூலி எல்லாம் இருந்தன. "என் வேலை எங்க மாமா?" என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன் வணிகவியல் படித்தவள் நான். வீட்டு ஆள் உழைப்பையும் செலவில் சேர்க்க வேண்டும் என்றேன்.

"வூட்ல குந்திக்கினு சுத்தறதுக்குக் கூலியாம்மா?" என்று, சேலை எடுக்க வந்த கடைக்காரர் முன்னால் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாளே பின்தெருவில் ஒரு வீட்டுக்குக் கூலிக்குத் தார் சுற்றப் போனேன். எங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் தாங்களே தார் சுற்ற முயன்றார்கள். இழை அறுந்து அறுந்து, கடைசியில் இரண்டு தறியும் நின்றுவிட்டன.

இன்று மச்சாண்டார் அந்த வீட்டு வாசலுக்கே வந்தார்.

"வூட்டுக்கு வாம்மா. இவங்க குடுக்கறதையே நானும் குடுக்கறேன்."

"நாளுக்கு எட்டணா மேல வேணும் மாமா. அதை அடக்கவிலையிலயும் எழுதணும்."

அந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேர் எதிரிலும் தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

ராத்திரி சோறு போடும்போது வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "என் தறிக்குமா கூலி?"

"உங்க தறிக்கு ஒரு ரூபா மேல."

பாதிச் சோற்றில் எழுந்து போனார். நான் கூப்பிடவில்லை.