நிற்காத மூன்றாம் கன்வேயர்

மார்ச் 4, செவ்வாய்

மூத்த மகளின் காலணிக்குப் பசை வாங்க இன்றும் மறந்துவிட்டேன். நினைப்பெல்லாம் ஆலையிலேயே இருக்கிறது. மூன்றாம் கன்வேயர் பதினெட்டு நாளாக ஒருமுறைகூடத் தானாக நிற்கவில்லை. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. போன மாதம் வரை ஸ்வே ஸ்விட்ச் அதை ஒரு நாளைக்கு நாலைந்து முறை நிறுத்தும். கல்லை ஏற்றிப் போகும் பெல்ட் ஓரமாக ஒதுங்கினால், பக்கத்தில் நிற்கும் ஸ்விட்சின் இரும்புக் கையைத் தள்ளும், மோட்டார் நிற்கும். அதற்காகவே வைத்தது. புது பெல்ட் போட்டோம், சரி. புது பெல்ட் என்றால் அவ்வளவு சாதுவா?

மார்ச் 6

ஸ்விட்சைக் கையால் தள்ளிப் பார்த்தேன். மோட்டார் நின்றது. பரிசோதனைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆக, ஸ்விட்ச் கை அசையாதபடி யாரும் கட்டி வைக்கவில்லை. அல்லது நான் வருவதைப் பார்த்து அவிழ்த்துவிடுகிறார்களோ?

மார்ச் 7

பெல்ட்டின் இடது ஓரம் நூல் நூலாகப் பிய்ந்து தொங்குகிறது. இரும்புச் சட்டத்தில் உரசாமல் இப்படி ஆகாது. பெல்ட் ஒதுங்கியிருக்கிறது, ஸ்விட்ச் சும்மா இருந்திருக்கிறது. மேனேஜரிடம் சொன்னேன். "ஓடுதுல்ல? ஓடட்டும்" என்றார். இவருக்கும் பங்கு உண்டோ?

அந்தக் கன்வேயரை ஓட்டுவது என் மச்சினன். மனைவியின் தம்பி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஸ்விட்ச் பெல்ட்டை நிறுத்தினால் அவன்தான் தொண்ணூறு படி ஏறிப்போய் ரீசெட் செய்ய வேண்டும். போன மாதம் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "ஒரு கட்டுக்கம்பி போட்டு இத இறுக்கிட்டா எல்லாருக்கும் நிம்மதி மாமா." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 8

அவன் சட்டைப் பையில் கட்டுக்கம்பி!

மார்ச் 10

சாப்பாட்டு நேரத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவனைக் கவனித்தேன். இந்த வயதில், சொந்த மச்சினனை! அவன் படியேறவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். "என்ன மாமா, தூணுக்கு முட்டுக் குடுக்குறீங்களா?" என்று சிரித்தான். தப்புச் செய்தவன் இப்படிச் சிரிப்பானா? தப்புச் செய்தவன்தான் இப்படிச் சிரிப்பான்.

மார்ச் 11

பெல்ட்டுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்குக் கல் சிந்திக் கிடக்கிறது. அதை வாரப் போகிறவனும் அவனே. குனிந்திருக்கும்போது அந்தப் பெல்ட் அறுந்தால்? இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறானே! பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"சத்தியமா நான் அதத் தொடவே இல்ல மாமா. கம்பியா? டிபன் கேரியர் பிடி உடைஞ்சு போச்சு, அதக் கட்ட எடுத்தேன்."

கேரியராம்! யார் காதில் பூ சுற்றுகிறான்?

மார்ச் 12

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவன் பெயரைப் போட்டே. திங்களன்று விசாரணை. அதுவரை அவன் வேலைக்கு வர வேண்டாமாம்.

வீட்டில் சொன்னேன். "ஒரே ஒரு தடவ கேட்டீங்க. அதுக்குள்ள எழுதிக் குடுத்தாச்சா?" என்றாள். நேரே தம்பி வீட்டுக்குப் போய்வந்தாள். "கேரியரப் பாத்தேன். பிடியில கம்பிதான் சுத்தியிருக்கு." அதற்குமேல் என்னோடு பேச்சில்லை. இருக்கட்டும். அக்காவும் தம்பியும் ஒன்று.

மார்ச் 14, வெள்ளி

விசாரணைக்கு ஆதாரம் வேண்டுமே என்று, இடைவேளையில் கன்வேயரை நிறுத்திவிட்டு டேப்போடு ஏறினேன். பெல்ட் ஓரத்துக்கும் ஸ்விட்ச் கைக்கும் நடுவே இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். ஏழு இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வெட்கமாக இருந்தாலும் அதை எழுதத்தான் வேண்டும். கட்டவில்லை, ஸ்விட்சை, அது பொருத்தியிருக்கும் தாங்கியோடு வெளியே நகர்த்தியிருக்கிறான்! பெல்ட் எவ்வளவு ஒதுங்கினாலும் தொடாது, கையால் தள்ளினால் மட்டும் வேலை செய்யும். என்ன மூளை!

பிறகு தூசியைத் துடைத்து நட்டைப் பார்த்தேன். முறுக்கி முடித்ததும் நட்டையும் தாங்கியையும் சேர்த்து ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு இழுப்பது என் வழக்கம். யாராவது நட்டைத் திருப்பினால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும்.

கோடு பிரியவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

புது பெல்ட்டை உள்ளே இழுக்க இடம் போதாமல் அன்று தாங்கியைப் பின்னால் நகர்த்தியது யார்? நான். ஆடாமல் இருக்கட்டும் என்று அங்கேயே முறுக்கியது? நான். கைப்பழக்கத்தில் கோடும் இழுத்து, திரும்ப முன்னால் கொண்டுவர மறந்து, கையால் தள்ளிப் பார்த்து — கையெழுத்து. எவன் எவனையோ சந்தேகப்பட்டேனே. நான்தான்டா. நானேதான்.

பையில் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் இருந்தது. ஒரு தடவை துடைத்தால் கோடு போய்விடும். அவன் வேலை போகும், என் வேலை தப்பும். கீழே ஆள் இல்லை. தின்னரில் துணியை நனைக்கும் வரை வந்துவிட்டேன். நனைத்தேன். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 15

துடைக்கவில்லை. காலையில் இவளிடம் சொன்னேன். அழவுமில்லை, திட்டவுமில்லை. "திங்கக்கிழம வரைக்கும் எதுக்கு? இப்பவே போய்ச் சொல்லுங்க." போனேன். மேனேஜரை மேலே அழைத்துப்போய்க் கோட்டைக் காட்டினேன். அவர் கோட்டைவிட என் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

மார்ச் 18

மச்சினன் வேலைக்கு வந்துவிட்டான். நான் கிட்டே போனால் அவனுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

மார்ச் 24, திங்கள்

ஸ்விட்ச் பழையபடி அதனிடத்தில் இருக்கிறது. இன்று மூன்றாம் கன்வேயர் நாலு முறை நின்றது. நாலு முறையும் மச்சினன் படியேறினான். பெல்ட்டை நேராக ஓட்ட உருளைகளைச் சரிசெய்து வருகிறோம்.

ஆறு மாதத்துக்கு என் கையெழுத்து தனியாகச் செல்லாது. என் ஒவ்வொரு பரிசோதனைக்கும் இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று அவனைத்தான் அனுப்பினார்கள். நான் அளந்துவிட்டு, "ரெண்டு அங்குலம்" என்றேன். புத்தகத்தை நீட்டினேன்.

"டேப்பக் குடுங்க" என்றான்.

வாங்கி, என்னை விலகச் சொல்லி, மண்டியிட்டு அவனே அளந்தான். பிறகுதான் கையெழுத்துப் போட்டான்.