பூட்டுக்குப் புது எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று நான் தரமணியில் வகுப்பில் இருந்தபோது, விடுதியில் தடைசெய்த மின்சாரக் கெட்டிலை ஒளித்து வைத்திருக்கிறேனா என்று பார்க்க, விடுதி வார்டன் என் அலமாரியின் நம்பர் பூட்டைத் திறந்திருக்கிறார். திரும்பி வந்தபோது உள்ளாடைகள்கூடக் கட்டிலில் கிடந்தன. கெட்டில் இல்லை.

"உன் நைனாதாம்மா போன்ல நம்பர் சொன்னாரு. இன்னா இப்போ?" என்றார் வார்டன்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அப்பா.

பூட்டைத் திறந்து, கம்பியைப் பக்கவாட்டில் திருப்பி, அழுத்திப் பிடித்தபடி எண்ணை மாற்றினேன். கோபத்தில் அவசரப்பட்டதால் முதலில் தவறியது.

கருப்பட்டி தீர்ந்துவிட்டது. முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள்.

புது எண்ணைச் சொல்ல மாட்டேன். இனி யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லுங்கள். அது பொய்யாக இருக்காது.

வகுப்புக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

அனுப்ரியா