லேமினேஷன் போட்ட பட்டம்

ஆசை மாமாவுக்கு,

உங்கள் செல்விக்கு வேலை கிடைத்துவிட்டது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைக் கேட்கப் பொறுமையில்லாமல், "அதையெல்லாம் வுடு புள்ள, கெடச்சுதா இல்லியா?" என்று குதிப்பீர்கள். மைசூரிலேயே ஒரு மாணவிகள் விடுதியில் காப்பாளர் வேலை. எழுபது பெண்பிள்ளைகள் என்னை "மேடம்" என்கிறார்கள். வீட்டில் நம் யமுனா மட்டும் எப்போதும்போல, "அம்மா, என் துப்பட்டா எங்கே?" தான்.

ஆனால் அது கிடைப்பதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே! எல்லாம் உங்களால் வந்தது. அதைச் சொல்லி உங்களோடு சண்டை போடத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டமளிப்பு விழா நாள் நினைவிருக்கிறதா? டைல்ஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கல்யாண வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். சான்றிதழ் என் கையில் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை, ஆட்டோவை தேவராஜ மொஹல்லாவுக்கு விடச் சொன்னீர்கள். மல்லிகைப்பூ வாங்கித் தரப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நுழைந்தது லேமினேஷன் கடை.

"ஒரிஜினலுக்கா போடறது?" என்று கடைக்காரர் இழுத்தார். "ஒரிஜினலுங்கறதுனாலதானுங்க போடச் சொல்றேன்!" என்று நீங்கள் அவரையே மடக்கினீர்கள். "ரேஷன் கார்டைக் கரையான் தின்னுபோட்டுது, ஜாதகம் மழையில நனைஞ்சுபோச்சு. இதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது." நம் ஆட்களுக்குப் பெரிய காகிதம் எது வந்தாலும் முதல் மரியாதை லேமினேஷன்தானே? பி.ஏ. படித்த நானும் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன்.

தபால் வழியில் நான் சமூகவியல் படித்த அந்த மூன்று வருடமும் நீங்கள் செய்த கேலி கொஞ்சமா? "அதுல என்ன புள்ள சொல்லிக் குடுக்கறாங்க?" என்றீர்கள். மனிதர்கள் ஏன் இப்படி இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் படிப்பது என்றேன். "அதுக்கு எங்கூட ஒரு நாள் வேலைக்கு வந்தாப் போதுமே!" என்று சிரித்தீர்கள். ஆனால் உங்கள் தங்கை வந்து, "அண்ணி படிக்கற படிப்பு சோறு போடுமா?" என்று கேட்டபோது மட்டும் உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சோறு நான் போடறேன். அவ படிக்கட்டும்" என்றீர்கள். அப்புறம் நெஞ்சுவலி என்று ஒரே ஒரு நாள் படுத்தீர்கள். இரண்டு வருடமாகிறது மாமா. உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். விடுதி வேலைக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும் என்றார்கள். நேர்காணலில் தேறிவிட்டேன். சான்றிதழ் சரிபார்க்கிற அன்றைக்கு அங்கிருந்த அதிகாரி நம் சான்றிதழை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "ஆகல்லம்மா" என்று, முடியாதென்று தலையை ஆட்டினார். லேமினேஷன் செய்த சான்றிதழை வாங்க மாட்டார்களாம். பதினைந்து நாளைக்குள் வேறு நகல் கொண்டுவராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் படத்தைப் பார்த்து ஒரு பாட்டம் திட்டினேன். யமுனா பயந்துவிட்டாள். "அயர்ன் பாக்ஸ் வெச்சா பிரிஞ்சு வந்துடும்மா, வீடியோல காட்டறாங்க" என்றாள். சூடு ஏற்றி, துணியை விரித்து, பெட்டியைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான் சான்றிதழின் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். பிளாஸ்டிக்குக்கு உள்ளே, வெள்ளைச் சிமெண்டில் உங்கள் கட்டைவிரல் ரேகை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் உங்கள் நகக்கண்ணை விட்டுப் போகாதே அந்தச் சிமெண்டு! பெட்டியை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்து, பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். முன்பு என்றால் தெரிந்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் அவர் பின்னால் நின்றிருப்பேன். இப்போது விதியை நானே மூன்று முறை படித்தேன். படிப்பு எனக்குக் கொடுத்தது இதுதான் போலிருக்கிறது மாமா. பயம் போய்விடவில்லை, ஆனால் பயந்துகொண்டே படித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது.

பழுதான சான்றிதழை ஒப்படைத்தால், அதை ரத்து செய்துவிட்டுப் புதியது தருவார்களாம். ஒப்படைப்பதா? உங்கள் விரலையா? மறுபடி படித்தேன். ரத்து செய்ததைத் திருப்பித் தரக் கூடாது என்று எங்குமே இல்லை. உடனே கன்னடத்தில் மனு எழுதினேன். 'ரத்து செய்த பின் பழைய சான்றிதழை என்னிடமே தர வேண்டுகிறேன். காரணம்: அதில் காலமான என் கணவரின் கைரேகை உள்ளது.'

பல்கலைக்கழக அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அம்மா மனுவை இரண்டு முறை படித்தார். "இப்படி யாரும் கேட்டதே இல்லையே" என்று கன்னடத்தில் சொன்னார். "கேட்கக் கூடாதுன்னு விதி இருந்தா காட்டுங்க மேடம், இப்பவே கிளம்பிடறேன்" என்று நானும் கன்னடத்தில் சொன்னேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், உள்ளே எழுந்து போனார், திரும்பி வந்தார். "ரத்து முத்திரை வைத்துக் கொடுத்துவிடுங்கள்" என்று குமாஸ்தாவிடம் சொன்னார்.

குமாஸ்தா ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். மை பிளாஸ்டிக்கில் வழுக்கிப் பரவியது. துடைத்துவிட்டு மறுபடி குத்தினார், அதுவும் நிற்கவில்லை. மூன்றாவது தடவை முத்திரையைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் அழுத்தினார். எடுத்துப் பார்த்தால் அவர் கையில்தான் ரத்து! பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். கடைசியில் பதிவேட்டில் மட்டும் எழுதிக்கொண்டு, சான்றிதழை என்னிடம் நீட்டினார். "உங்க யஜமானரு போட்ட லேமினேஷனை எங்க யூனிவர்சிட்டியால ரத்து பண்ண முடியலம்மா!" என்றார். யஜமானர் என்றால் இங்கே புருஷன், உங்களுக்குத் தெரியாததா? அந்த ஆபீஸே சிரித்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

புதிய சான்றிதழ் கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. அதை விடுதி வேலை அதிகாரியிடம் காட்டினேன், வேலையில் சேர்ந்தேன். பழையது உங்கள் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நேற்று என் அறைக் கதவுக்குப் பெயர்ப் பலகை எழுத ஆள் வந்தார். பெயர் மட்டுமா, பட்டமும் வேண்டுமா என்று கேட்டார். எல்லாம் எழுதுங்கள் என்றேன். முன்னால் உங்கள் பெயரின் முதல் எழுத்து, பின்னால் பட்டம், நடுவில் நான். வேலைக்குப் போகிற பெண்ணாக, உங்கள் பெண்டாட்டியாக, அந்தக் கதவின் முன் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

எம்.ஏ.வுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அதை முடிக்காமல் நீங்கள் இருக்கும் இடத்துக்கு வர மாட்டேன், இது சத்தியம். அவசரப்படுத்தாமல் இருங்கள்.

என்றைக்கும் உங்கள் மாமன் மகள்,
மு. செல்வி, பி.ஏ.