ஏற்றாத மெழுகு

என் செல்ல மகன் ஓச்சோவாவுக்கு, எலோர்த்தி வீட்டிலிருந்து உன் அம்மா சொல்லச் சொல்ல நம் பங்குச் சாமியார் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அக்கா மரீனாவும் அவள் புருஷனும் மாடு கன்றுகளும் சுகம். நீயும் அமெரிக்காவில் சுகமாக இருக்கிறாய் என்று எழுதச் சொன்னேன், சாமியார் இறகுப் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எழுதுங்கள் சாமி, எழுதினால் அப்படியே ஆகட்டும் என்றேன். பயமாக இருக்கிறதடா ராசா. ஆப்பிள் இந்த வருஷம் கிளை முறியக் காய்த்தது, பிழிந்து பீப்பாயில் ஊற்றியாகிவிட்டது, ஒரு வாய் குடித்துப் பார்க்கக்கூட எனக்கு மனசில்லை.

விஷயம் இதுதான். மலைக்கு அந்தப் பக்கத்து யோவானிஸ் உங்கள் சீமையிலிருந்து திரும்பி வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் எல்லோரும் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் நம் ஆட்கள்தானாம், நம் ஊரில் போலவே கோவில் சுவரில் பந்தடித்து விளையாடுகிறார்களாம், சுரங்கத்து மேஸ்திரி திட்டுவதுகூட நம் பாஸ்க் பாஷையில்தானாம், அந்த ஊருக்கும் நம் பக்கத்துத் தூராங்கோ ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்களாம். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் அவன் என்னைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான். "எலோர்த்தி செத்துட்டாரும்மா. காய்ச்சலோ சண்டையோ தெரியல, அடக்கம் பண்ணிட்டாங்கன்னு எங்க சுரங்கத்துக்குச் சேதி வந்துச்சு" என்றான். எந்த எலோர்த்தி என்று கேட்டேன். "என்னம்மா இப்படிக் கேக்கறீங்க, ரெண்டு பேரா இருக்காங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறான் பாவி. உயரமா குட்டையா, கறுப்பு முடியா செம்பட்டையா என்று எதைக் கேட்டாலும் நேரில் பார்த்ததே இல்லை என்று கையை விரித்துவிட்டான்.

இரண்டு பேர்தானே போனீர்கள். வீடு மரீனாவுக்கு என்று முடிவானதும் நீ மூட்டை கட்டினாய், நம் மாடு மேய்த்த எஸ்தெபேயும் உன் பின்னாலேயே கிளம்பினான். நம் கூரையின் கீழ் படுத்து எழுந்தவனுக்கு நம் வீட்டின் பெயர்தான் பெயர். இங்கே அதில் ஒரு தொல்லையும் இல்லை, யார் மகன், யார் மாட்டுக்காரன் என்று நாய்க்குக்கூடத் தெரியும். அங்கே யாருக்குத் தெரியும்? எஸ்தெபேயின் அம்மா காத்தலின் என் தோளை உரசிக்கொண்டுதான் நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நம் மாட்டைக் கறந்து பால் செம்பை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வராமல் போய்விடுகிறாள். உன்னிடம் சொல்வதற்கென்ன, அது எஸ்தெபேயாக இருக்கட்டும் என்று ஆண்டவரைக் கேட்டேன். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், மறுபடியும் அதையேதான் கேட்டேன். அவள் மட்டும் வேறென்ன கேட்டிருப்பாள், பெற்ற வயிறுதானே.

மரீனா வேறு உயிரை எடுக்கிறாள். வீட்டில் சாவு விழுந்தால் தேன்பெட்டியைத் தட்டித் தேனீக்களுக்குச் சொல்லியாக வேண்டுமாம், இல்லாவிட்டால் கூட்டத்தோடு போய்விடுமாம். "சொன்னாத்தானேம்மா அதுங்க மெழுகு தரும், செத்தவங்களுக்கு வெளிச்சம் வேணாமா?" என்கிறாள். நான் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நின்றேன். "உசுரோட இருக்கறவனச் செத்துட்டான்னு சொன்னா அவன் பொழைப்பானாடி?" என்றேன். மறுநாள் விடிந்ததும் பனியில் போய்ப் பார்த்தால் பெட்டியருகே காத்தலின். தட்டுவதற்குக் கையைத் தூக்கியவள் தட்டாமல் நிற்கிறாள். "எந்தப் பேரம்மா சொல்றது?" என்று என்னைக் கேட்டாள். ஈரப் புல்லில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஓவென்று அழுதோம்.

கல்லறைத் திருநாள் வேறு நெருங்குகிறது. கோவில் தரையில் நம் வீட்டுக்குரிய இடத்தில், நம் வீட்டில் செத்தவர்களுக்காக மெழுகுச் சுருளைப் பலகையில் சுற்றி நான்தான் ஏற்ற வேண்டும். காத்தலினுக்கு வீடும் இல்லை, கோவில் தரையில் இடமும் இல்லை, போனது அவள் பிள்ளையே ஆனாலும் நம் இடத்தில்தான் வெளிச்சம். "யாரா இருந்தா என்னம்மா, உங்க வீட்டு ஆள்தானே, ஏத்திடுங்க, யாருன்னு ஆண்டவருக்குத் தெரியும்" என்கிறார் சாமியார், இதை எழுதும்போதும் தலையை ஆட்டுகிறார். ஏற்றும்போது மனசு ஒரு பெயரைச் சொல்லிவிடுமே சாமி என்றேன். ஏற்றாவிட்டால் போனவன் இருட்டில் தடவிக்கொண்டு நிற்பான், ஏற்றினால் இருப்பவன் போய்விடுவானோ என்று இருக்கிறது. எனக்குத் தூக்கமே இல்லை.

நீ இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன், கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, தனியாக மலையேறாதே. அந்த மண்ணின் மனிதர்களிடம் வம்புக்குப் போகாதே. அது அவர்கள் மலை, நம் மலையை யாராவது வந்து தோண்டியிருந்தால் உன் அப்பா கோடாலியைத் தூக்கியிருப்பார்.

உறையின்மேல் ஓச்சோவா என்று எழுதினால் அங்கே யாருக்கும் தெரியாதாம், வீட்டுப் பெயர்தான் தெரியுமாம், எலோர்த்தி என்று மட்டும் எழுத வேண்டுமாம். யோவானிஸ் சொன்னான். சாமியார் அப்படியே எழுதினார், எழுதிவிட்டு, "ஏம்மா, இதப் பிரிக்கறது எஸ்தெபேயா இருந்தா?" என்றார். எஸ்தெபேயாக இருக்கட்டும் என்று மேலே சொன்னதை அடித்துவிடட்டுமா என்றார். வேண்டாம் சாமி, இருக்கட்டும் என்றேன்.

எஸ்தெபே, இது உன் கைக்கு வந்திருந்தால் கேளப்பா. நீ சாக வேண்டும் என்று கேட்டவள்தான் நான். உன் அம்மாவைக் கூப்பிட்டு, சாமியாரை முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், செத்தது ஓச்சோவாவாக இருக்கட்டும் என்று நானும் கேட்டேன் என்று எழுதச் சொல்கிறாள். என் பிள்ளை ஓச்சோவாவின் கண்ணை யார் மூடினார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பு. நீ மூடியிருந்தால் எனக்கு அது போதும். ஓச்சோவா, நீயாக இருந்தால் உன் முதல் சேதி எனக்கு வேண்டாம், காத்தலினுக்கு எழுது.

பதில் வரும்வரை மெழுகை ஏற்றப் போவதில்லை, ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. பதிலில் வீட்டுப் பெயரைப் போடாதே, தாய் வைத்த பெயரைப் போடு. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், காய்ச்சலும் கத்தியும் உன் பக்கம் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இதைக் கையில் வைத்திருப்பவனின் அம்மா,
எலோர்த்தி வீட்டு மரியாந்தோன்.