சரசுவுக்குப் புரிந்ததாகச் சொன்ன கம்ப்யூட்டர்

12 ஆகஸ்ட் 99, வியாழன்

தகடு வெட்டும் பிரஸ் ஓட்டத் தெரியாத சரசுவை, தெரிந்தவள் என்று எழுதி மிஷினில் உட்கார வைத்தார்கள். வலது கையில் மூன்று விரல் போயிற்று.

விரல்களைப் பொறுக்கி, என் டிபன் பாக்ஸில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒட்ட முடியாதாம். நாளெல்லாம் ஆடிக்காற்று. சட்டையில் ரத்தம், துவைக்கவில்லை.

13, வெள்ளி

ட்ரெயினிங் அறைக்குப் போனேன். சென்னை ஆபீசிலிருந்து டெலிபோன் லைனில் கம்ப்யூட்டருக்குப் பாடம் வருகிறது. எல்லாம் இங்கிலீஷ். கடைசியில் புரிந்ததா என்று கேட்கும். ஆமாம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. சரசுவையும் சேர்த்து, படித்த எட்டுப் பேரும் பச்சை. அதில் ஒருத்தி மரகதம், அவளைக் கேட்டேன்.

"ஏன் மரகதம், சிவப்பை அமுக்குறதுதானே?"

"அதெப்படீங்க மேஸ்திரி? ஆபீசருங்க பக்கத்துலயே நிக்கறாங்க. மூஞ்சிக்கு நேரா புரியலைன்னு சொல்றதுங்களா?"

"வெரல் போனாப் பரவாயில்லையா?"

"சரிங்க."

இதற்குமா சரி! அறைந்திருப்பேன்.

ட்ரெயினிங் ஆபீசர் சரசுவின் பதில் காகிதத்தை நீட்டினார். "பாருங்க, அந்தம்மா எல்லாத்துக்கும் பச்சைதானுங்க. தப்பு அவங்க மேல." மேனேஜருக்கும் அதே காகிதம் போயிருக்கிறது. எனக்கு எவனும் பாடம் எடுத்ததில்லை. மிஷினைப் பிரித்துப் பிரித்துக் கற்றேன். பத்து விரலும் இருக்கிறது.

14, சனி

பல்வலி. கிராம்பு வாங்க வேண்டும்.

மீதி ஏழு பேரும் திங்கட்கிழமை பிரஸ்ஸில் உட்கார வேண்டுமாம். மிஷினைச் சுற்றி நிற்க வைத்தேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். அச்சுக்கு நடுவே கரும்பை வைத்து, கால் பெடலை மிதித்தேன். சக்கை மரகதம் முகத்தில் அடித்தது. துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, காலை எடுத்த பொறவும் இன்னொருக்கா எறங்குமுங்களா?"

இறங்கும். சரசுவுக்கு அப்படித்தான் இறங்கியது. பிறகு ஏழு பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். கை போகக்கூடாத இடத்தை அவர்களே சாக்பீஸால் கோடு போட்டார்கள்.

மோட்டாரை நிறுத்திய பிறகு ஆபீசர் வந்தார். "இது பாடத்துல இல்லைங்க, கலைஞ்சு போங்க." காலரைப் பிடித்து ஸ்டூலில் தள்ளி, அவர் கையை அச்சுக்கு அடியில் வைத்து அழுத்தினேன். "புரிஞ்சுதுங்களா?"

"ஐயோ, புரியலைங்க! புரியலைங்க!"

மரகதம்தான் என்னை இழுத்தாள். மோட்டார் ஓடியிருந்தால் என்ன செய்திருப்பேனோ. வருத்தமில்லை.

15, ஞாயிறு

நேற்று மாலையே சஸ்பென்ஷன் கடிதம். கிழித்துவிட்டேன். இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

மேனேஜர்: தப்பு கம்பெனி மேல் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.
சென்னைக்காரர்கள்: இங்கே வந்து, இந்தப் பெண்களிடம் கேட்டு, தமிழில் பாடம் எழுத வேண்டும்.
ஆபீசர்: புரியலை என்பவளைக் கடைசிவரை கேட்கவிட வேண்டும்.
மரகதம்: நேற்றுக் கேட்டதை மேனேஜர் முன்னாலும் கேட்க வேண்டும்.
சரசு: கட்டுப் பிரித்த பிறகு, மனமிருந்தால், பாடம் அவள் எடுக்க வேண்டும்.
நான்: நாளை ஏழு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்து, பிரஸ் ஓடாதபடி அதன் முன்னால் நிற்க வேண்டும். தொடுகிறவன் கையை உடைக்க வேண்டும்.