முதலாளி ஸபெலின் தந்த லீவு

அன்புள்ள ஷைஜாவுக்கு,

துபாயிலிருந்து டென்னிசன். வயிற்றுவலி எப்படி இருக்கிறது? நான் கல்லு மாதிரி இருக்கிறேன். முதலில் அதை நம்பு. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் வீடியோ நம் ஊர் அருமனை முழுக்கச் சுற்றுகிறதாமே.

எங்கள் ருஷ்ய முதலாளி ஸபெலின், பழைய இரும்பு விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர். மூன்று பெண்டாட்டிகளுக்கும் கொடுத்தது போக, மிச்சத்தில் தர்ம ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார். அவர் வாழ்க்கையைப் படம் எடுத்தார்கள். அதில் நோயாளியாக நடிக்க, சமையல்கட்டிலிருந்து என்னைப் பிடித்துப் போனார்கள். சோகமான மூஞ்சியாம். நம் கல்யாண ஆல்பத்திலேயே அது தெரியும்.

முதலாளி என் கையைப் பிடித்து, உன் ஆசை என்ன என்று கேட்டார். மேனேஜர் பெனிஷ் மொழிபெயர்த்தான். நான் கேமராவை மறந்துபோய், "பெண்டாட்டிக்கு ஆபரேஷன், ஊருக்குப் போகணும்" என்றேன்.

"நாளைக்கே போ!" என்று முதலாளி அழுதார். நானும் அழுதேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

கேமராவை அணைத்ததும் பெனிஷிடம் டிக்கெட் கேட்டேன். நம்ம மார்த்தாண்டத்துக்காரன்தான்.

"ஏலே, லீவு அந்த நோயாளிக்குலா? நீ சமையக்காரன். ராத்திரி நாப்பது பேருக்குச் சாப்பாடு. போ மக்கா" என்றான்.

யாராவது இங்கே வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. பாட்டிலை உன் பழைய சேலையில் சுற்று. சேலையைத் திருப்பி அனுப்ப மாட்டேன்.

ஆபரேஷனுக்கு உன் தங்கச்சியைக் கூட்டிப் போ. புருஷன் எங்கே என்று நர்ஸ் கேட்டால் அந்த வீடியோவைக் காட்டு. நான் ஊருக்குப் புறப்படுகிறேன் என்று அதில் எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

அடுப்பில் சூப் பொங்குகிறது.

டென்னிசன்