காலையில் என்ன சாப்பிட்டீர்கள், மாமா?

தோட்டத்துப் பக்கம் நிற்கும் என் அன்பு மாமாவுக்கு,

நேற்று மத்தியானம் நீங்கள் மறுபடியும் செத்தீர்கள். ஜீன் மாமி போன் பண்ணி, பழைய படம் ஓடுகிறது, இன்னும் பத்து நிமிடத்தில் அவருக்கு உயிர் போய்விடும், கெதியாகப் போட்டுப் பார் என்றார். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தேன். பின்னறையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி, ஒட்டு மீசை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் மெல்லச் சரிகிறீர்கள். சாவதில் நீங்கள் கெட்டிக்காரர், மாமா. உண்மையான சாவை மட்டும் எங்களுக்குக் காட்டாமல் செய்து முடித்துவிட்டீர்கள்.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று என் கணவர் டொம் கேட்டார். நான் உங்களில் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனதே வீடு நிறைய ஆட்கள் பார்க்கத்தான். சொல்ல வேண்டியதையும் ஆட்கள் கேட்கவே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் சிரித்தார், தடுக்கவில்லை.

வாசிக்கிறவர்களுக்கு நீங்கள் யாரென்று சொல்ல வேண்டும். ஆர்தர் என்ற உங்கள் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. முகத்தைக் காட்டினால் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலப் படங்களில் கதாநாயகனின் கதவைத் தட்டும் பொலிஸ்காரர், கண்ணாடியைக் கழற்றித் தலையாட்டும் டொக்டர், கல்யாணத்தில் இருமும் பாதிரியார் எல்லாம் நீங்கள்தான். படம் முடிந்து எழுத்து ஓடும்போது, ஆட்கள் கதிரையை விட்டு எழும்பிய பிறகுதான் உங்கள் பெயர் வரும். வானொலி நாடகத்தில் அப்படியில்லை. அங்கே நீங்கள் குட்டையான, மொட்டைத் தலை மனிதரென்று யாருக்குத் தெரியும்? அரசனாகவும் நடித்தீர்கள், மாலுமியாகவும் நடித்தீர்கள். ஒரு முறை ஒரே நாடகத்தில் அண்ணனாகவும் தம்பியாகவும் வந்து உங்களோடு நீங்களே சண்டை பிடித்தீர்கள்.

வால்தம்ஸ்டோ சந்தைக்கு உங்களோடு போனால் வீடு வந்து சேர ஏலாது. எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யாராவது மறிப்பார்கள். ஒருவர் நீங்கள் தன்னுடைய பழைய பூமிசாஸ்திர ஆசிரியர் என்று சத்தியம் பண்ணினார். இன்னொருவர் தன் தாயை ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர் என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீங்களும் மறுக்காமல், "இப்போது அம்மா எப்படி இருக்கிறார்?" என்று டொக்டரின் குரலிலேயே கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு போதும் போதுமென்றாகிவிட்டது.

எங்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தகப்பன் பேச வேண்டுமென்று எழுப்பிவிட்டார்கள். நீங்கள் ஓய்வுபெற்ற ஸ்கொட்லாந்துக் கர்னலின் குரலில் பத்து நிமிடம் பேசினீர்கள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. என் அப்பா மட்டும் என் காதுக்குள் வந்து கேட்டார்: "பிள்ளை, இந்த மனுசன் எப்பதான் தன்ர குரலில கதைக்கப் போறார்?"

வீட்டுக்குள் கதைப்பீர்கள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கொஞ்சம் கரகரப்பு, வசனம் முடியும் இடத்தில் இறங்கிவிடும், இன்னொரு கோப்பை தேநீர் கேட்கும்போது வெட்கப்படும். அது எங்கள் சாப்பாட்டு மேசையைத் தாண்டிப் போனதில்லை. உங்கள் வீட்டு டெலிபோனில் செய்தி விடச் சொல்லும் குரல்கூட ஒரு பெரிய வீட்டு பட்லரின் குரல்தான்.

உங்கள் நாடகம் ஒலிபரப்பாகும் ஞாயிறுகளில் குடும்பம் முழுவதும் சமையலறையில் வானொலியைச் சுற்றி உட்காருவோம். நீங்கள் மட்டும் வெளியே போய்விடுவீர்கள். உங்களை நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். பேரிக்காய் மரத்தடியில் பூச்சாடியைத் தூக்குவதும் வைப்பதுமாய் நின்று, ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் சிரித்தால் அங்கே நீங்களும் சிரிப்பீர்கள்.

ரெக்கோர்டிங் உள்ள நாட்களில் நான் வேலைக்குப் போகிற வழியில் உங்கள் வாசலில் புட்டும் சம்பலும் டப்பாவில் தந்துவிட்டுப் போவேன். வெறும் வயிற்றோடு போனால் வயிறு இரைகிற சத்தத்தையும் மைக் பிடித்துவிடும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சனிக்கிழமைகளில் நானும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். போதும் என்பதற்கு எங்கள் வீட்டில் காணும் என்போம். நீங்கள் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் அதுதான். காணும், காணும் என்று சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டே மூன்றாம் தரமும் போடவிடுவீர்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் கேட்டீர்கள். நான் பத்தொன்பது வயதில் இங்கே வந்து அகதியாகப் பதிந்தபோது, என்னை விசாரித்த அதிகாரியைப் பற்றி. பயந்தாயா, அழுதாயா என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்டது வேறு. "அவனுடைய குரல் எப்படி இருந்தது, வதனி?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. நான் டொம்முக்கும் சொல்லாததை எல்லாம் உங்களுக்குச் சொன்னேன். அந்த மனிதர் கத்தவேயில்லை. நான் அழத் தொடங்கியதும் பேனாவை மூடியால் மூடினார், டிக் என்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பஞ்சு போல ஒரு குரலில், அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்லுங்கள் என்றார். அந்த மெதுவுக்குத்தான் நான் பயந்தேன். இன்றைக்கும் யாராவது என்னிடம் மிக மெதுவாகக் கதைத்தால் எனக்குக் கை குளிர்ந்துவிடும். நீங்கள் புட்டை மறந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கு இன்னொரு தகப்பன் கிடைத்தார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மூன்று மாதம் கழித்து அந்த ஞாயிறு வந்தது. நாடகத்தில் ஏதோ ஒரு நாட்டுப் பையனை ஓர் அதிகாரி விசாரிக்கிறார். அதிகாரி நீங்கள். ஜீன் மாமி கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். வானொலிக்குள் பையன் அழுதான். பேனா மூடி டிக் என்றது. கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல் வந்தது, அச்சு அசலாக, அதே பஞ்சு, அதே மெதுவு. அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்லுங்கள்.

எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது. எழும்பினேன், மேல்கோட்டை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே நீங்கள் பூச்சாடியோடு நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்து வாசல் கேற்றால் நான் போகும்போது, "வதனி" என்றீர்கள். சொந்தக் குரலில்தான். நான் திரும்பவில்லை.

ஐந்து வாரம் நான் உங்களோடு கதைக்கவில்லை, மாமா. சனிக்கிழமைகளில் டொம்மை மட்டும் அனுப்பினேன். புட்டு அவிக்கும் குழலைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். ஒரு நாள் நீங்கள் போன் பண்ணினீர்கள். இலக்கத்தைப் பார்த்தும் நான் எடுக்கவில்லை. செய்தி விட்டிருந்தீர்கள். போட்டுக் கேட்டால் பேச்சில்லை. பதினொரு விநாடி மூச்சு, பிறகு வைத்த சத்தம். இந்த மனிதருக்கு யாராவது எழுதிக் கொடுத்தால்தான் வாய் வரும் என்று ஆத்திரத்தில் அழித்துவிட்டேன்.

அடுத்த வியாழன் ஆஸ்பத்திரியிலிருந்து மாமி அழைத்தார். நான் வார்டுக்கு வந்து சேர்ந்தபோது திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே பைத்தியம், உங்கள் குரலைக் கேட்க வேண்டும். உங்களுடைய சொந்தக் குரலை. அதில் ஒரு சொல் கேட்டால் போதும், என்னில் கோபமாகப் போனீர்களா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. நானும் டொம்மும் மாமியின் வீட்டு அலுமாரிகளைக் கிளறினோம். பெட்டி பெட்டியாக ஒலிநாடாக்கள். ஒன்றில் நீங்கள் கொலைகாரன், ஒன்றில் கிழட்டு மீன்காரன், கல்யாண வீடியோவில் கர்னல். ஊர் முழுக்க உங்கள் குரல் இருக்கிறது, நீங்கள் மட்டும் ஒன்றிலும் இல்லை. ஒரு நாள் ஒலிநாடாக்களுக்கு நடுவே நிலத்தில் உட்கார்ந்து, அந்தப் பதினொரு விநாடியை நினைத்து வாய்விட்டு அழுதேன். மூச்சென்றாலும் அது உங்கள் மூச்சு. அழித்த கை என்னுடையது.

போன மாதம்தான் ரூத் வந்தார். வானொலி நாடக ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து உங்களை இருபது வருடமாக ஒலிப்பதிவு செய்த பெண். மாமியைப் பார்க்கவென்று பூக்களோடு வந்தவர், நான் குரலைத் தேடும் கதையைக் கேட்டதும் பூக்களை மேசையில் வைத்தார். பிறகு, தன்னிடம் ஒன்று இருக்கிறது, அது நாடகமில்லை, அதனால் யாருக்கும் தேவைப்படாது என்று நினைத்திருந்ததாகச் சொன்னார்.

எனக்கு இது தெரியாது, மாமா. நாடகம் தொடங்க முன்னர் மைக்கில் ஒலியளவு பார்க்க நடிகரை ஏதாவது பேசச் சொல்வார்களாம். எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்விதானாம்: காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? பதில் சொல்லும் வரைக்கும் நடிகர் தன் குரலில்தான் பேசுவாராம். பிறகு அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவார்களாம். உங்களுடையவற்றை ரூத் எறியவில்லை. கேட்கச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான் என்றார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் ஒரு சிறிய ஒலிப்பெட்டியோடு வந்து, சமையலறை மேசையில் வைத்துப் போட்டார். நீங்கள் பேசுகிறீர்கள்: வாட்டிய பாண் ரொட்டியும் மாமலேட் ஜாமும், ஜீன் இன்றைக்குப் பாணைக் கருக்கிவிட்டாள். ஒரு முட்டை, அதுவும் அரைவேக்காடு. கரகரப்பு, இறக்கம், வெட்கம். ஜீன் மாமி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பாணைக் கருக்கியது தான் இல்லை, நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு அழுதார். பிறகு வருடங்கள் போக, என் மகனின் மனைவி தந்த புட்டு என்று வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் புட்டு, சம்பல், கடைசியில் ரூத்திடம் ஒரு கேள்வி: "காணுமோ?"

அந்தச் சொல் என்னவென்று தனக்கு இன்றுவரை தெரியாது, ஏதோ நடிகர்களின் சடங்கென்று நினைத்திருந்ததாகச் சொன்னார் ரூத். நான் அர்த்தத்தைச் சொன்னேன். ஜீன் மாமி அந்தத் துண்டை இன்னொரு தரம் போடச் சொன்னார்.

கடைசித் துண்டைப் போட முன்னர் ரூத் என்னைப் பார்த்தார். அந்த அதிகாரி நாடகத்தின் காலை அது. நான் ஓம் என்று தலையாட்டினேன்.

"இன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை" என்கிறீர்கள். ஏன், வதனி புட்டுத் தரவில்லையா என்று ரூத்தின் குரல் கேட்கிறது. "தந்தாள். டப்பா பையில் இருக்கிறது. இன்றைக்கு நான் பேசப்போகிற மனிதனையும் அவள்தான் தந்தாள். கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்." உங்கள் வயிறு பெரிதாக இரைகிறது. ரூத் சிரிக்கிறார், நீங்களும் சிரிக்கிறீர்கள். "காணுமோ?"

நான் எவ்வளவு அழுதேன் என்பதை டொம்மிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கோபம் முழுக்கப் போய்விட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். ரெக்கோர்டிங்குக்கும் ஒலிபரப்புக்கும் நடுவே ஆறேழு சனிக்கிழமை இருந்தனவே, மாமா. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், ஏன் சொல்லவில்லை? அரசனுக்கும் கொலைகாரனுக்கும் வராத பயம் எங்கள் மேசையில் ஏன் வந்தது? அந்தப் பதினொரு விநாடியில் சொல்ல வெளிக்கிட்டது இதுதானா? நான் அன்றைக்குப் போனை எடுத்திருந்தால், அல்லது அந்தக் கேற்றடியில் திரும்பிப் பார்த்திருந்தால், என்ன சொல்லியிருப்பீர்கள்? மனம் உங்களை அவ்வளவு தேடுது, மாமா. சண்டை பிடிக்கவாவது ஒரு தரம் வந்துவிட்டுப் போகக்கூடாதா?

அந்த நாடகத்தை நான் பாதியோடு விட்டேன். அந்தப் பையனுக்குக் கடைசியில் என்ன நடந்ததென்று எனக்கு இன்னும் தெரியாது. வருகிற ஞாயிறு மாமி வீட்டில் ரூத்தின் ஒலிப்பதிவை எல்லோருமாகக் கேட்கப் போகிறோம். புட்டுக் குழலை அலுமாரியிலிருந்து இறக்கிக் கழுவி வைத்திருக்கிறேன். நீங்கள் வழக்கம் போலப் பேரிக்காய் மரத்தடியில் நில்லுங்கள். பேனா மூடுகிற சத்தம் வரும், அந்தக் குரல் வரும், என் கை குளிரும். ஆனாலும் இந்த முறை எழும்பிப் போக மாட்டேன். கடைசி வரைக்கும் இருப்பேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

என்ர குரல் அங்க கேக்குதோ, மாமா? இண்டைக்குக் காலமை புட்டும் சம்பலும். தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடிப்போச்சு. மாமி ரண்டாம் தரமும் போட்டவ. உங்கட கோப்பையிலயும் போட்டு வைச்சனான்.

காணுமோ?

ஜன்னலுக்கு உள்ளே இருக்கும்
உங்கள் மருமகள்,
வதனி